கூரை ஒரு கெட்ட பழக்கம்

தஞ்சாவூரிலிருந்து திருச்சி போகிற சாலையில், கொஞ்ச காலம் முன்புவரை குறுவையும் தாளடியும் விளைந்துகொண்டிருந்த ஒரு நன்செய் நிலத்தின் நடுவில், பொன்னி கட்டடக்கலை உயர்கல்வி நிலையம் நிற்கிறது. நிற்கிறது என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறோம். மேற்கு மூலையில் லேசாக உட்கார்ந்துவிட்டது. நாடு கதவைத் திறந்துவிட்டது, வெளிநாட்டுக் காசு உள்ளே வருகிறது, ஊருக்கு ஊர் கட்டடம் எழும்பப் போகிறது, அதற்கெல்லாம் ஆர்க்கிடெக்ட் வேண்டாமா என்று ஒரு ரைஸ்மில் முதலாளிக்குத் தோன்றி ஆரம்பித்த கல்லூரி அது.

கட்டடம் விருது வாங்கியது. வாசல் எங்கே இருக்கிறதென்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது என்பதற்காகவே வாங்கியது. 'தேடலே நுழைவு' என்று டீன் குணசேகரன் கருங்கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். அந்தக் கல் உள்ளே இருக்கிறது. மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது. கைப்பிடி என்பது மனித உடம்பின் மேல் நம்பிக்கை இல்லாதவர்கள் கண்டுபிடித்ததாம். வாட்ச்மேன் அந்தப் படியில் உருண்டு இடுப்பை உடைத்துக்கொண்டபோது டீன் ஆஸ்பத்திரிக்கே போய், "உங்களுக்கும் கட்டடத்துக்கும் ஓர் உரையாடல் நடந்திருக்கு" என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தார். நடுக்கூடத்துக்கு மேலே, ஆகாயத்தோடு பேசுவதற்கென்று பெரிதாக ஓர் ஓட்டை. ஐப்பசி, கார்த்திகையில் ஆகாயம் கொஞ்சம் அதிகமாகவே பேசும். பிள்ளைகள் ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு மறு கையால் படம் வரைவார்கள்.

இங்கேதான் அனுராதா எம்.ஆர்க். மேல்படிப்புக்கு வந்து சேர்ந்தாள். முதல் நாள் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வாசல் கிடைக்கவில்லை. கடைசியில் ஜெனரேட்டர் ரூம் வழியாக உள்ளே நுழைந்து, அங்கேயே உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். பயந்த சுபாவம் அவளுக்கு. அப்படிப்பட்டவள் இங்கே ஏன் வந்தாள் என்றால், அதற்கும் பயம்தான் காரணம்.

அவள் ஊர் பூதலூர் பக்கத்தில் ஆலங்குறிச்சி. ஊருக்குப் பொதுவாக ஒரு நெற்களம் உண்டு, மேலே கூரை இல்லை. போன ஐப்பசியில் குறுவை அறுத்துக் குவித்த நெல் விலைபோகக் காத்துக் கிடந்தபோது அடைமழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் இறங்கியது. மழை விட்டு விலக்கிப் பார்த்தால் குவியல் பச்சைப் பசேலென்று இருந்தது. அத்தனையும் முளைத்துவிட்டது. அவள் அப்பா பஞ்சநதம் ஒரு பிடி முளையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த உள்ளங்கை அனுராதாவின் கண்ணை விட்டு இப்போதும் போகவில்லை.

களத்துக்குக் கூரை போட்டுத் தருகிறோம் என்று ஷார்ஜாவில் வேலை பார்க்கிற ஆலங்குறிச்சிக்காரர்களின் சங்கம் முன்வந்தது. நல்ல மனசுக்காரர்கள். ஏற்கெனவே ஒரு பஸ் நிழற்குடை கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் கட்டிய புண்ணியவான் அதை ரோட்டுக்கு முதுகு காட்டி நிறுத்திவிட்டான். உள்ளே உட்கார்ந்தால் வயல் தெரியும், பஸ் தெரியாது. ஊரே ஓட்டமாய் ஓடிப் பஸ் பிடித்தது. அதில் நொந்துபோன சங்கத் தலைவர் அஹமது கபீர் இந்த முறை போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இங்க ஷார்ஜால ஒரு கக்கூஸ் கட்டினாலும் வாசல்ல போர்டு வைப்பாங்க பஞ்சநதண்ணே. கன்சல்டன்ட் யாரு, என்ன படிச்சிருக்காருன்னு எல்லாம் போட்டிருக்கும். நமக்கும் பிளான்ல எம்.ஆர்க். கையெழுத்துதான் வேணும். அது இல்லாம சங்கம் ஒரு செங்கல்லுக்குக்கூடக் குடுக்காது."

அனுராதா ஐந்து வருடம் பி.ஆர்க். படித்து முடித்திருந்தாள். அந்தப் படிப்புக்கே கையெழுத்துப் போடலாம் என்று சட்டம் சொல்கிறது. ஷார்ஜா சொல்லவில்லை. ஆகவே அவள் எம்.ஆர்க். பாஸானால் களத்துக்குக் கூரை. ஃபெயிலானால் நெல் மறுபடி முளைக்கும். பாவம், இந்தப் பாரத்தைத் தலையில் சுமந்துகொண்டுதான் ஜெனரேட்டர் ரூமில் உட்கார்ந்து அழுதாள்.

மற்ற படிப்புகளுக்குப் பரீட்சை வைப்பார்கள். இங்கே ஜூரி. மாணவர் தன் படத்தைச் சுவரில் குத்திவிட்டுக் குற்றவாளி மாதிரி பக்கத்தில் நிற்க வேண்டும். எதிரே ஜூரி மூன்று பேர் உட்காருவார்கள். டீன் கையில் சிவப்புப் பென்சில் இருக்கும். அவர் எதை அடிக்கிறாரோ அது அன்றோடு போயிற்று. அடித்து முடித்ததும் மாணவர் "நன்றி சார்" என்று சொல்ல வேண்டும். வேறு எது சொன்னாலும் அகந்தை. அகந்தைக்கு மறு வருடம்.

மறு வருடம் என்றால் என்ன என்பதற்கு உதாரணமாக அஸார் என்று ஒரு சீனியர் நடுக்கூடத்தின் மூலையிலேயே குடியிருந்தான். இரண்டு வருடப் படிப்பை அவன் எத்தனையோ வருடமாகப் படித்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி ஒன்றை வரைந்து, மாடிக்கு ஸ்ட்ரெச்சர் போகச் சாய்வுப் பாதை வைத்து, "நோயாளி படி ஏற முடியாதுங்களே சார்" என்று ஒரே ஒரு தடவை சொன்னானாம். இப்போது தாடி நெஞ்சுவரை வந்துவிட்டது. வெள்ளை அட்டையில் சின்னச் சின்னக் கனசதுரமாகச் செய்து அடுக்கிக்கொண்டிருந்தான். யாராவது பக்கத்தில் போனால் எழுந்து நின்று "நன்றி சார்" என்றான். பெண்களிடமும் அப்படித்தான் சொன்னான். அனுராதா அந்த மூலைப் பக்கமே போகமாட்டாள்.

முதல் ஜூரிக்கு அவள் நெற்களத்தை வரைந்துகொண்டு போனாள். தண்ணீர் ஏறாமல் ஒரு மேடை, சுற்றிலும் தூண், மேலே சாரல் அடிக்காதபடி நன்றாக இறங்கிய கூரை. அவ்வளவுதான். மெடலுக்கு வரையவில்லை, நெல்லுக்கு வரைந்தாள்.

டீனுக்கு இடது பக்கம் ராஸ்ஸோ உட்கார்ந்திருந்தார். மன்னார்குடிப் பக்கம் துரைராசுவாகப் பிறந்து, ஹாலந்துக்குப் போய்ச் சில மாதம் இருந்து, ராஸ்ஸோவாகத் திரும்பி வந்தவர். வலது பக்கம் ஒரு ரிட்டயர்டு பேராசிரியர். உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார்.

"இது என்ன?" என்றார் டீன்.

"கூரை சார்."

கூடத்தில் எவனோ பென்சிலைக் கீழே போட்டான்.

"யாருக்கு?"

"நெல்லுக்கு சார்."

"நெல் கேட்டுச்சா?"

அனுராதா யோசித்தாள். கேட்கவில்லை என்பது உண்மைதான்.

"அறுக்கிற வரைக்கும் அந்த நெல்லு எங்கம்மா நின்னுச்சு?"

"வயல்ல சார்."

"அங்க கூரை இருந்துச்சா?"

"இல்ல சார்."

"பாத்தீங்களா ராஸ்ஸோ! மாசக்கணக்கா வெயில்லயும் மழைலயும் சுதந்திரமா நின்ன ஒரு தானியம். அறுத்த மறுநாளே அதைப் புடிச்சு ஜெயில்ல போடுறா இந்தப் பொண்ணு." டீனின் குரல் தழுதழுத்தது. "கூரைங்கிறது ஒரு கெட்ட பழக்கம்மா. எல்லாரும் போடுறாங்கன்னு நீயும் போடக்கூடாது. என் சர்வீஸ்ல நான் முழுசா ஒரு கூரை போட்டதில்ல."

அதுவும் உண்மைதான். அவர் வாழ்நாளில் கட்டியது இந்த ஓட்டைக் கட்டடம் ஒன்றே. குடியிருப்பது மாமனார் கட்டிக் கொடுத்த மாடி வீட்டில். என்ன மழை பெய்தாலும் ஒரு சொட்டு ஒழுகாது.

அனுராதா 'நன்றி சார்' சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அப்பாவின் உள்ளங்கை ஞாபகம் வந்துவிட்டது. "மழை பேஞ்சா முளைச்சிடும் சார்" என்றாள்.

மூலையில் அஸார் எழுந்து நின்றான்.

"முளைக்கட்டுமே!" என்றார் டீன். "ஒரு விதைக்கு வேற என்னம்மா கனவு இருக்க முடியும்? அதைத் தடுக்க நீ யாரு?" சிவப்புப் பென்சில் கூரையின் மேல் குறுக்கே ஓடியது.

"நன்றி சார்" என்றாள் அனுராதா.

அன்று சாயங்காலம் அப்பா போன் பண்ணினார்.

"கூரை வரைஞ்சிட்டியாம்மா?"

"வரைஞ்சேன்ப்பா."

"ஷீட்டா, ஓடா? கபீரு கேட்டான்."

"அது... பேசிக்கிட்டிருக்கோம்ப்பா."

"பேசுங்க, பேசுங்க. பெரியவங்க இருக்காங்க, நல்லதாத்தான் சொல்லுவாங்க" என்று நிம்மதியாக வைத்துவிட்டார்.

கூடப் படிக்கிற ஷிஃபாதான் தைரியம் சொன்னாள். தரங்கம்பாடிக்காரி, விவரமான பெண். "லூசு மாதிரி எதிர்த்துப் பேசாதடி. கூரைய எடுன்னா எடு. தரைய எடுன்னாலும் எடு. பாஸ் பண்ணிட்டு வெளிய வா. அப்புறம் உன் கையெழுத்து, உன் கூரை. எவன் வந்து கேக்கப் போறான்?"

அது நியாயமாகப் பட்டது. அனுராதா கூரையை எடுத்துவிட்டு இரண்டாம் ஜூரிக்குப் போனாள். இந்தத் தடவை ராஸ்ஸோ எழுந்து வந்து படத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இந்தத் தூணெல்லாம் எதைத் தாங்குது?"

"ஒண்ணையும் தாங்கல சார். கூரையத்தான் போன ஜூரில..."

"அப்ப தாங்குற மாதிரி நடிக்குதுன்னு சொல்லு. ஹாலந்துல நாங்க இதைத்தான் 'பொய்த் தூண்'னு சொல்லுவோம். ஒரு பெண்ணா இருந்துக்கிட்டு பொய்க்குத் துணை போகலாமா?"

தூண்கள் போயின. நன்றி சார்.

மூன்றாம் ஜூரியில் மேடை போயிற்று. நெல்லைத் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்துவது மண்ணைக் கேவலப்படுத்துவதாகும் என்று டீன் விளக்கினார். வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று அனுராதா கேட்கவில்லை. அவள் பார்வை அஸாரின் தாடி மேல் இருந்தது. அடுத்த ஜூரிக்கு அவள் கொண்டுபோன தாளில் வடக்கு எந்தப் பக்கம் என்று காட்டுகிற ஓர் அம்புக்குறி மட்டும் மிச்சம் இருந்தது. ராஸ்ஸோ அதையும் எடுக்கச் சொன்னார். டீன்தான் பெருந்தன்மையாக, "இருக்கட்டும், சின்னப் பொண்ணு, பயப்படுது" என்றார்.

கடைசி ஜூரி, இரண்டு வருடமும் முடிந்து, தள்ளிப்போய்த் தள்ளிப்போய்ப் புரட்டாசியில் வந்தது. வெறும் களத்தை, அந்த அம்புக்குறியோடு, சுவரளவுக்குப் பெரிதாக ஃபிளெக்ஸில் அச்சடித்து மாட்ட வேண்டும் என்று டீன் உத்தரவு. சினிமா ரிலீசுக்கு பேனர் அடிக்கிற கடையில் கொடுத்தாள். "என்னக்கா, ஃபோட்டோ விட்டுப்போச்சா?" என்று கடைக்காரன் திரும்பத் திரும்பக் கேட்டான்.

ஜூரி ஆரம்பித்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டை வழியாக ஆகாயம் பேசத் தொடங்கியது. பியூன்கள் ஓடிவந்து மூன்று நாற்காலிக்கும் பின்னால் குடை பிடித்து நின்றார்கள். சுவரிலிருந்து ஒரு முறம் அளவு பூச்சு பெயர்ந்து ராஸ்ஸோவின் காலடியில் விழுந்தது. "கட்டடம் கை தட்டுது" என்றார் டீன். வெள்ளை ஃபிளெக்ஸை எல்லோரும் வெகுநேரம் பார்த்தார்கள். ராஸ்ஸோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது கண்ணீரா சாரலா என்று சொல்ல முடியாது.

மழைத் துளி பட்டு ரிட்டயர்டு பேராசிரியர் விழித்துக்கொண்டார். ஃபிளெக்ஸைப் பார்த்தார். "நெல்லு நனையுமேய்யா? கூரை எங்க?" என்று கேட்டார். டீன் மெதுவாக, "சாருக்கு உடம்பு முடியல, டீ வாங்கிக் குடுங்க" என்றார். அவரைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போனார்கள். பிறகு அவரை யாரும் ஜூரிக்குக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

"பாஸ்!" என்றார் டீன். "மெடலோட பாஸ்! டிகிரிக்கு நான் கையெழுத்துப் போடணும், போட்டுடலாம். ஆனா அதுக்கு முன்னால ஒரு சந்தோஷமான விஷயம். இந்த தீசிஸ் தாள்லயே கிடக்கக் கூடாதுன்னு நேத்தே ஷார்ஜாவுக்குப் பேசிட்டேன். கபீர் சார் ஒத்துக்கிட்டார். உங்க ஊர் களத்துல இதே டிசைன், ஒரு மாத்தமும் இல்லாம, ஐப்பசில திறப்பு விழா!"

அனுராதாவின் கணக்கே வேறு. பாஸாகிவிட்டு வெளியே போய் ஓசைப்படாமல் ஒரு கூரை போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தாள். அந்த வழியிலும் டீன் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "நன்றி சார்" என்று வாய் அது பாட்டுக்குச் சொன்னது.

கபீர் அன்றே போன் பண்ணினார். அவருக்குத் தலைகால் புரியவில்லை. "என்னம்மா அனு, உங்க டீன் சொல்லச் சொல்ல எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. பாதிதான் புரிஞ்சுது. பெரிய படிப்புன்னா அப்படித்தான் இருக்கும். டிக்கெட் போட்டுட்டேன், நேர்ல வர்றேன்."

திறப்பு விழா அன்று ஆலங்குறிச்சிக் களத்தில் குறுவை நெல் மலை மலையாகக் குவிந்திருந்தது. எல்லாம் தார்ப்பாய்க்கு அடியில். ஓரத்தில் விருந்தினர்களுக்குப் பந்தல். டீனுக்கு வெயிலும் ஆகாது, பனியும் ஆகாது என்று கல்லூரியிலிருந்து முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ஆகவே கீற்றுப் போட்டு, மேலே புதுத் தார்ப்பாய்களாக இரட்டை விரிப்பு விரித்து இழுத்துக் கட்டியிருந்தது. பந்தலுக்குப் பக்கத்தில் மூங்கில் நட்டு அனுராதாவின் ஃபிளெக்ஸ். கிழக்கே வானம் மையாகக் கறுத்துக்கொண்டு வந்தது.

டீன் மைக்கைப் பிடித்தார். "இந்தக் களத்துல இப்ப நீங்க பாக்குறது ஒண்ணுமே இல்ல. அந்த ஒண்ணுமில்லாததைக் கொண்டுவர எங்களுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு!" கபீர் கை தட்டினார். ஊரும் தட்டியது. "ஆனா ஒரு குறை. அந்த அழுக்குத் தார்ப்பாய்ங்க டிசைனக் கெடுக்குது. தயவுசெஞ்சு அகற்றுங்க. போட்டோ எடுக்கணும்."

ஊர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. கமலாம்பாள் என்ற அம்மாள், பந்தலுக்குப் பக்கத்துக் குவியல்காரி, "மானம் கறுத்துக் கிடக்குதே, இப்பப் போயா?" என்றாள்.

"எடுங்க ஆச்சி, என்ன பாக்குறீங்க?" என்றார் பஞ்சநதம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முகமெல்லாம் பெருமை. "எம்பொண்ணு வரைஞ்சது. ரெண்டு வருஷம் ராப்பகலா உக்காந்து வரைஞ்சது. எதையும் யோசிக்காமயா வரைஞ்சிருக்கும்?" அவரே முதல் ஆளாகப் போய்த் தன் குவியலின் மேலிருந்த கல்லை எடுத்துவிட்டுத் தார்ப்பாயை உருவினார். பிறகு எல்லோரும் உருவினார்கள். போட்டோவில் விழக்கூடாது என்று அத்தனையையும் டிராக்டரில் ஏற்றி ஊருக்குள் அனுப்பிவிட்டார்கள். பொன் நிறமாய் நெல் திறந்து கிடந்தது.

அனுராதா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இத்தனை வருடத்தில் அவளுக்கு எது எதற்கோ பயம் வந்திருக்கிறது. அந்தச் சிரிப்பைப் பார்த்து வந்த பயம் போல எதுவும் இல்லை. டீனும் ராஸ்ஸோவும் அஸாரின் தாடியும் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

முதல் துளி அவள் புறங்கையில் விழுந்தது.

அவள் ஓடினாள். மூங்கிலில் ஏறி, பல்லால் கயிற்றைக் கடித்து, ஃபிளெக்ஸை அறுத்து இறக்கினாள். "ஏய்! ஏய்! அது தீசிஸ்!" என்று டீன் மைக்கிலேயே கத்தினார். "டிகிரில நான் இன்னும் கையெழுத்துப் போடல, ஞாபகம் வச்சுக்க! நெல்லு மேல எதைப் போட்டாலும் அது கூரை!"

அனுராதா ஃபிளெக்ஸை விடவில்லை. "அப்பா, புடிங்க!" என்று ஒரு முனையை வீசினாள். பஞ்சநதம் ஒன்றும் புரியாமல் பிடித்தார். இரண்டு பேரும் இழுத்துப் போட்டதில் மெடல் வாங்கிய வெறுமை ஒரு குவியலை முழுசாக மூடியது. அது கமலாம்பாள் குவியல். பக்கத்தில் அதுதான் இருந்தது.

மழை வலுத்தது. மற்றக் குவியல்கள் அப்படியே திறந்து கிடந்தன. பஞ்சநதம் ஃபிளெக்ஸைத் தடவிப் பார்த்தார். தண்ணீர் உருண்டு ஓடியது. முகத்தில் வழிகிற மழையைத் துடைக்காமல் மகளிடம் கேட்டார்.

"நல்லா இருக்கும்மா. இந்த மாதிரி வேற ஏதாச்சும் வரைஞ்சிருக்கியா?"

அனுராதா நிமிர்ந்து பந்தலைப் பார்த்தாள். இரட்டை விரிப்பு, புதுத் தார்ப்பாய். அதன் கீழே ஒரு சொட்டு நனையாமல் டீன், ராஸ்ஸோ, ஷார்ஜாவிலிருந்து வந்த கபீர். குரல் கீச்சென்றுதான் வந்தது.

"அந்தப் பந்தலை அவுத்துப் போடுங்க."

முதலில் எழுந்தவர் கபீர்தான். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பேண்ட்டை மடித்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறி முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். அப்புறம் எல்லோரும் ஏறினார்கள். தார்ப்பாய்கள் ஒவ்வொன்றாகக் களத்துக்குப் பறந்தன. அவசரத்தில் கீற்றும் சரிந்து விழுந்தது.

"என்ன பண்றீங்க? மேல மழை விழுது!" டீன் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு அலறினார். "நனையுறேன்! இங்க ஆள் உக்காந்திருக்கேன், நனையுறேன்!"

அனுராதா கடைசித் தார்ப்பாயின் முனையைப் பிடித்துக்கொண்டு, பயத்தில் நடுங்கியபடியே, அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நன்றி சார்" என்றாள்.